மலையில் பாக்சைட், கரையில் கருமணல்

ஏற்காடு போகிறவர்கள் கரடியூர் வியூ பாயின்ட்டில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். காலடி மண்ணை யாரும் கவனிப்பதில்லை. இந்தச் சேர்வராயன் மலை உச்சிகளில் லட்சக்கணக்கான ஆண்டுகள் பெய்த மழை, பாறையிலிருந்த மற்றதையெல்லாம் கரைத்துவிட, மிஞ்சிய அலுமினியச் சத்துதான் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் அது போனது.

கரையாத கனமான மணிகளோ ஆற்றோடு உருண்டு கடலுக்குப் போகும். அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு, கனமானதைக் கரையிலேயே விட்டுவிடும். முறத்தில் புடைக்கிற மாதிரிதான். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணல் இப்படிச் சேர்ந்தது. (சேர்வராயனிலிருந்து அல்ல, தெற்கத்தி மலைகளிலிருந்து!) இல்மனைட், கார்னெட், ஜிர்கான், மோனசைட் எல்லாம் அதில் உண்டு.

1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அன்று காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. இன்று அணுசக்தித் துறைக்கு அதன் மேல் கண்.

கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தோடு மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் நிற்கிறது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கிடையே தள்ளிப்போனது. கடல் ஊருக்குள் வந்துவிடும் என்று மீனவர்கள் பயப்படுகிறார்கள். கனிமத்தைப் பிரித்துவிட்டு மீதி மணலைத் திரும்ப நிரப்புவோம் என்கிறது நிறுவனம். கனமானதை எடுத்த பிறகு போடும் அந்த லேசான மணல், அலைக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.