இறங்க மாட்டேன் என்பதும் ஞானம்தான்

மாறாத உண்மைகளை ஆராய்வது 'சோபியா'. இந்த நேரத்தில், இந்த இடத்தில் எது சரி என்று முடிவெடுப்பது 'ஃப்ரோனெசிஸ்', நடைமுறை ஞானம். அறிவை இப்படிப் பிரித்தவர் அரிஸ்டாட்டில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்கையிலேயே அடிமைகளாகப் பிறந்தவர்கள் உண்டு, அவர்களுக்கு ஆலோசித்து முடிவெடுக்கும் ஆற்றலே இல்லை என்று 'அரசியல்' நூலில் எழுதியவரும் அவரே. மனுவின் தேசத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நான் வாழும் இந்தப் பகுதியில் அடுக்ககங்கள் பெருகிவிட்டன. கழிவுநீர்த் தொட்டி நிரம்பியதும் ஒருவரை அழைக்கிறார்கள். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வாயு இருக்கு சார், ஆள் இறங்கக் கூடாது, வண்டிய வரச் சொல்லுங்க" என்கிறார். இது ஃப்ரோனெசிஸ் இல்லையென்றால் வேறு எது? பட்டம் வாங்கிய செயலாளரோ, "ஒன்னும் ஆகாது, இறங்கு" என்கிறார். எவருடைய முடிவு செல்லும் என்பதைப் பட்டம்கூடத் தீர்மானிப்பதில்லை, பிறப்பு தீர்மானிக்கிறது.

பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செத்த பிறகு கிடைப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். 'அனுபவ அறிவு' என்று மேடையில் புகழ்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இறங்க மாட்டேன் என்றவருக்கு அன்றைய கூலி உண்டா? மறுநாள் வேலை உண்டா?