வண்டுக்கு வரப்பு தெரியாது!

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவும் பணம் வேண்டும். அது இல்லாதவன் தோப்பில் மரம் கிடந்து மட்கும். மட்கிய மரத்திலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது.

அந்த வண்டு குருத்தைக் கடிக்கிறது. கடித்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுகிறது. புழு தண்டைக் குடைகிறது. வெளியே தெரியும்போது மரம் பெரும்பாலும் கை மீறிவிடுகிறது.

"மருந்து அடி" என்கிறார் கடைக்காரர். "அடி" என்கிறார் பெரிய தோப்புக்காரர். அடிப்பது யார், தோழர்களே? குடை பிடித்து வரப்பில் நிற்பவரா? வேரைத் தோண்டி விஷப்பையைக் கட்டுபவனும், குருத்தில் மருந்து போட மரமேறுபவனும் கூலிக்காரன்தான். லாபம் அங்கே, விஷம் இங்கே! இது என்ன நியாயம்?

வேறு வழி இல்லையா? இருக்கிறது. ஆண் கூன்வண்டு ஒரு வாசனையை விடுகிறது. ஆணும் பெண்ணும் அதை நாடி வருகின்றன. அந்த வாசனை இன்னதென்று 1993-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதையே செயற்கையாகச் செய்து சிறு பையில் அடைத்து, துளையிட்ட வாளிக்குள் தொங்கவிடுகிறார்கள். அடியில் கரும்புத் துண்டோ பழமோ ஊறிய தண்ணீர். உள்ளே விழுந்த வண்டு வெளியே வராது. இதுதான் இனக்கவர்ச்சிப் பொறி.

"பொறி வைத்தேன், வண்டு அதிகமானதுதான் மிச்சம்" என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒருவன் மட்டும் வைத்தால் பக்கத்துத் தோப்பு வண்டும் அவன் தோப்புக்கு வரும். வாளியில் விழாதது அருகிலுள்ள மரத்தில் ஏறும். குற்றம் பொறியில் இல்லை, தனியாக வைத்ததில் இருக்கிறது. ஆலையில் ஒருவன் மட்டும் வேலையை நிறுத்தினால் முதலாளி அவனை வெளியே தள்ளுவான். எல்லோரும் நிறுத்தினால் பேச வருவான். ஊர்த் தோப்பு முழுவதிலும் ஒரே காலத்தில் பொறி வைத்தால்தான் பலன்.

பொறி மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. மட்கிய மரத்தை அகற்ற வேண்டும். எருக்குழியைக் கிளறிப் புழுவைக் கொல்ல வேண்டும். வாரந்தோறும் வாளியைக் கழுவி இரையை மாற்ற வேண்டும். இவை அத்தனையும் உழைப்பு. "போகிற போக்கில் பார்த்துவிட்டு வா" என்று இலவசமாக வாங்கப் பார்ப்பதை நாம் ஒப்ப முடியாது.

எனவே நாம் கோருகிறோம்: சர்க்கார் செலவில் ஊர் முழுவதற்கும் பொறி! சிறு விவசாயியின் தோப்பில் மட்கிய மரத்தை அகற்றப் பண உதவி! பொறி பார்க்கும் தொழிலாளிக்குத் தனிக் கூலி, கையுறை!

வண்டு வரப்புப் பார்த்து வருவதில்லை. நாமும் வரப்புத் தாண்டி ஒன்றுசேர்வோம்!