பழைய வட்டை அழிக்க அவசரம் வேண்டாம்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பலரும் புதிய இயங்குதளத்தை நிறுவி வருகின்றனர். அதற்காகப் பழைய வட்டை உடனே அழிப்பது தவறு என்பேன்.

உதிரி வட்டில் நிறுவுங்கள். அவ்வேளையில் பழைய வட்டின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நிறுவும் திரையில் வட்டு மாறித் தேர்ந்தெடுத்தால், பல்லாண்டுக் கோப்புகள் நொடியில் போகும். பிட்லாக்கர் பூட்டு இருப்பின், அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை முன்னரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அஃதின்றேல் வட்டு கையிலிருந்தும் பயனில்லை.

நகலெடுக்க நான் மறந்த என் தந்தையாரின் குரல் பதிவு, இரு மாதங்களுக்குப் பின் அவ்வாறு கழற்றி வைத்த வட்டிலிருந்தே கிடைத்தது.

இருப்பு நேராகாமல் வங்கியில் அன்றைய கணக்கை முடிப்பதில்லை. கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்யாமல் பழைய வட்டையும் அழிக்கலாகாது.