பாதகமான கடிதத்தையும் காட்டு!

ஒரு கம்பெனி மீது வழக்கு வருகிறது. கம்பெனியின் அலமாரியில் ஒரு கடிதம் இருக்கிறது. அது வெளியே வந்தால் கம்பெனி தோற்றுவிடும். அப்படி ஒரு கடிதம் இருப்பது எதிரிக்குத் தெரியாது.

கம்பெனி என்ன செய்ய வேண்டும்?

"பேசாமல் இருந்துவிட வேண்டியதுதானே?" என்று தோன்றும். ஆனால் இங்கிலாந்தில், வியாபார வழக்குகளில் அப்படி இருக்க முடியாது. அந்தக் கடிதத்தைக் கம்பெனியே எடுத்து, எதிரியிடம் காட்ட வேண்டும்!

சாதகமான பத்திரத்தைக் காட்டுவது பெரிதல்ல. அதை எல்லோரும் காட்டுவார்கள். பாதகமான பத்திரத்தையும் காட்ட வேண்டும் என்பதுதான் அந்த நாட்டுச் சட்டத்தின் சிறப்பு.

பறவை எச்ச வழக்கு

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே கடற்பறவைகளின் எச்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. அதற்கு "குவானோ" என்று பெயர். நல்ல உரம். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அதற்கு ஏகக் கிராக்கி!

அந்த வியாபாரத்தில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கும், பெருவியன் குவானோ கம்பெனிக்கும் தகராறு. வழக்கு லண்டன் கோர்ட்டுக்கு வந்தது. எந்தெந்தப் பத்திரங்களைக் காட்ட வேண்டும் என்று கேள்வி எழுந்தது.

1882-ல் நீதிபதி பிரெட் வழி சொன்னார். ஒரு பத்திரம் நேரடியாக எதையும் நிரூபிக்காமல் இருக்கலாம். ஆனால், உண்மையைத் தேடிப் போக அது வழிகாட்டக்கூடும் என்றால், அதையும் காட்ட வேண்டும் என்றார்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த விதி நிலைத்தது.

காகித வெள்ளம்

பிறகு ஒரு தொல்லை வந்தது. காகிதங்கள் பெருகின. கம்ப்யூட்டர் வந்தது. ஈமெயில் வந்தது. எல்லாவற்றையும் தேடிப் படிக்க ஏராளமான பணம் செலவாயிற்று.

ஆகவே, 1999-ல் புதிய விதிகள் வந்தன. தேட வேண்டிய எல்லை குறைக்கப்பட்டது. 2016-ல் ஒரு வழக்கில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள் இருந்தன. அவற்றைச் சலித்து எடுக்கக் கம்ப்யூட்டரின் உதவியைப் பயன்படுத்தலாம் என்று கோர்ட்டு அனுமதித்தது.

2022 அக்டோபரில் இன்னொரு விதி நிரந்தரமாயிற்று. எவ்வளவு தேட வேண்டும் என்பதைக் கோர்ட்டு முடிவு செய்யும். ஆனால், தனக்குப் பாதகமானது என்று தெரிந்த பத்திரத்தை, யாரும் கேட்காவிட்டாலும் காட்டியே தீர வேண்டும். வழக்கு வரும் என்று தெரிந்தால் எதையும் அழிக்கக் கூடாது. எல்லாம் செய்தோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தே பொய்யாகக் கையெழுத்துப் போட்டால், கோர்ட்டு அவமதிப்பு வழக்கு வரும்!

வக்கீலிடம் ஆலோசனை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அது நியாயமே.

தபால் நிலையத் துயரம்

இந்தச் சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள், பிரிட்டிஷ் தபால் நிலைய வழக்கைப் பார்க்க வேண்டும்.

அங்கே கிளைத் தபால் நிலையங்களைச் சாதாரண மக்கள் ஒப்பந்தத்தின்பேரில் நடத்தினார்கள். கணக்கு எழுத "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. பணம் குறைகிறது என்று அது காட்டியது. அரசாங்கத்துக்குச் சொந்தமான தபால் நிலையக் கம்பெனி, கம்ப்யூட்டரை நம்பியது, மனிதர்களை நம்பவில்லை.

1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். வீடு போனவர்கள் உண்டு. மானம் போயிற்றே என்று உயிரை விட்டவர்களும் உண்டு.

555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். கம்ப்யூட்டரில் தெரிந்த பிழைகளுக்கு ஒரு பதிவேடு இருந்தது. அதைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். கம்பெனி உடனே காட்டியதா? இல்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று தெரியாது, வழக்குக்குத் தேவையில்லை, எங்கள் வசம் இல்லை என்றெல்லாம் காரணம் சொன்னது!

கடைசியில் பதிவேடு வந்தது. 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர், அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தார். 2021-ல் மேல் கோர்ட்டு 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. காட்ட வேண்டியவற்றைக் காட்டாமல் குற்ற வழக்கு நடத்தியதைக் கண்டித்தது. 2024-ல் தனிச் சட்டமே போட்டு, மற்றும் பலரின் தண்டனைகளை நீக்கினார்கள்.

வென்றவர்களுக்கு என்ன மிஞ்சியது? வழக்குச் சமரசத்தில் 5 கோடியே 77½ லட்சம் பவுண்டு கிடைத்தது. பெரும் பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது! ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பவுண்டுதான் 555 பேருக்கும் மிஞ்சியது.

யார் கையில் சாவி?

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அலமாரியின் சாவி எப்போதும் பெரியவன் கையில் இருக்கிறது. கடிதங்கள், கணக்குகள், பதிவேடுகள் எல்லாம் அவனிடம். ஏழையிடம் இருப்பது அவன் வாய்ச்சொல் ஒன்றுதான்.

ஆகவே, காட்டாமல் இழுத்தடிப்பவர்களிடம் கோர்ட்டு தாட்சணியம் காட்டக் கூடாது. ஆரம்பத்திலேயே கண்டிப்பாகக் கேட்க வேண்டும். மறைப்பதால் வரும் லாபத்தைவிட, மறைத்ததற்கு வரும் தண்டனை பெரிதாக இருக்க வேண்டும்.

இது நமக்கும் பொருந்தும். 2015-ல் இந்தியாவில் வந்த வணிக நீதிமன்றச் சட்டமும், பாதகமான பத்திரத்தையும் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

நீதிபதி எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும், கண் முன் இல்லாத காகிதத்தை அவரால் படிக்க முடியாது. அதைக் கொண்டுவந்து வைப்பது, கையில் வைத்திருப்பவனின் கடமை!