எங்கள் உடற்கல்விப் பாடவேளை எங்கே?



எங்கள் பத்தாம் வகுப்பறைக் கதவின் பின்புறம் கால அட்டவணை ஒட்டப்பட்டுள்ளது. செவ்வாய் ஏழாம் பாடவேளை உடற்கல்வி. வெள்ளி எட்டாம் பாடவேளை உடற்கல்வி. பச்சை மையில், அழகான கையெழுத்தில் எழுதியது. ஆனால் ஆடி மாதம் பிறந்ததிலிருந்து அந்த இரண்டு கட்டங்களும் எழுத்தளவில் மட்டுமே இருக்கின்றன. செவ்வாயன்று கணிதம் வருகிறது. வெள்ளியன்று அறிவியல் வருகிறது. ஒன்பதாம் வகுப்பினர் வெளியே ஓடுவதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நாங்கள் முக்கோணவியல் பயில்கிறோம். கணித மிஸ்மேல் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. பொதுத்தேர்வில் கணிதத்துக்கு நூறு மதிப்பெண் உண்டு. உடற்கல்விக்கு ஒன்றும் இல்லை. ஆகவே இது நியாயமான கணக்கே என்று யாவரும் கூறுவர். அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்று என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இவ்வாண்டு குறுவட்டப் போட்டிக்கு எங்கள் கால்பந்து அணி சென்றது. அதற்குமுன் எங்களுக்குக் கிடைத்தது நான்கு மாலைப் பொழுதுகளின் பயிற்சி மட்டுமே. முதல் ஆட்டத்தின் பாதியில் என் தோழி ஒருத்தி வலப்பக்கமாகப் பந்தை விரட்டிச் சென்றாள். அவளை யாரும் தள்ளவில்லை. யாரும் அருகில்கூட இல்லை. துள்ளி இறங்கித் திரும்பியவளின் முழங்கால் உட்புறமாக மடங்கியது. "அம்மா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மதுரைக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் எடுத்ததில் மூட்டு ஜவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது.

அவளைப் பார்க்க நாங்கள் வீட்டுக்குச் சென்றபோது அவளுடைய அப்பத்தா வாசலிலேயே கேட்டுவிட்டார்: "பொட்டப்புள்ளைக்கு எதுக்குத்தா பந்து? நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்க வேணாமா?" எங்களால் பதில் கூற முடியவில்லை. அடுத்த வாரமே நான்கு மாணவியரின் பெற்றோர் பள்ளிக்கு வந்து, தம் மகள் பெயரை அணியிலிருந்து எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டனர். பெண்ணின் உடல் கால்பந்துக்கு ஏற்றதன்று என்பது எங்கள் தெருவின் தீர்ப்பாயிற்று.

இந்தத் தீர்ப்பு காரியாபட்டியில் பிறந்ததன்று. 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த பெண்கள் கால்பந்தாட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி, தன் கீழுள்ள கழகங்கள் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது எனத் தடுத்துவிட்டது. அந்தத் தடை நீங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. யாருடைய ஓட்டத்தையோ இதயத் துடிப்பையோ அளந்து பார்த்துச் சொன்ன தீர்ப்பன்று அது. அப்பத்தாவாவது பேத்தியின் முழங்காலைப் பார்த்த பிறகு சொன்னார்!

நம் ஊருக்கு அருகே புல்லூரில் உள்ள சேது தொழில்நுட்பக் கல்லூரியை அறியாதார் இல்லை. அக்கல்லூரியோடு தொடர்புடைய சேது எப்.சி. மகளிர் அணி, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. தேசிய மகளிர் போட்டியிலோ தமிழ்நாட்டு அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023இல் அமிர்தசரசில் ஹரியானாவையும் 2-1 என்ற கணக்கில் வென்று இருமுறை கோப்பையைப் பெற்றது. தமிழகக் காவல்துறையில் பணியாற்றும் கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காகவே ஆடியவர். இவர்களும் பெண்களே அன்றோ? இவர்களுடைய முழங்கால் மட்டும் இரும்பால் ஆனதா?

எங்கள் விளையாட்டு மிஸ்ஸிடம் இதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், படித்துப் பார் என்று சில ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தந்தார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

கால்பந்து என்றதும் நாம் பந்தையே நினைக்கிறோம். 1976இல் தாமஸ் ரெய்லி என்னும் ஆய்வாளர் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒருவர் ஒருவராகத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் நடந்ததையும் ஓடியதையும் கணக்கிட்டார். ஓர் ஆட்டக்காரர் கடக்கும் தூரத்தில் பந்தோடு செல்வது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லையாம். மீதியெல்லாம் பந்தில்லாத ஓட்டம், நடை, திரும்புதல், தாவுதல். பெண்களும் குறைந்தவர்கள் அல்லர். உயர்நிலை வீராங்கனையர் ஓர் ஆட்டத்தில் சுமார் 10 கிலோமீட்டர் கடக்கின்றனர் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டுள்ளனர். ஆகவே காலில் பந்து நிற்கிறதா என்பதைக் காட்டிலும், மூச்சு நிற்கிறதா, மூட்டு நிற்கிறதா என்பதே பெரிய கேள்வி. அது நான்கு மாலையில் வருவதன்று.

இன்னொரு செய்தி என்னைத் திகைக்க வைத்தது. விளையாட்டு அறிவியல் இதழ்கள் ஆறில் 2014 முதல் 2020 வரை வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எண்ணிப் பார்த்து, 2021இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை நூற்றுக்கு 31. பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6. நம் தமிழகத்துக்கு உடற்கல்வியில் நீண்ட மரபு உண்டு. ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920இல். இன்று மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது; காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் உடற்கல்விக் கல்லூரி உள்ளது. ஆயினும் நான் பார்த்த கால்பந்து ஆய்வுகளில் பெரும்பாலும் பயிற்சி பெற்றவர்கள் கல்லூரி இளைஞர்களே. பதினைந்து வயது மாணவியை வரிசையில் நிறுத்தி, பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்தவர்கள் சிலரே. அளக்காமலே நம்மைப் பலவீனர் என்பது எப்படி?

அத்தகைய ஆய்வுகளில் ஒன்று சுவீடன் நாட்டினுடையது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2009ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்தில், 12 முதல் 17 வயது வரையுள்ள 4,564 மாணவியரை, அதாவது நம் வயதினரை, அவரவர் கழகப்படி இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, ஆட்டப் பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம், ஆறு பயிற்சிகள் செய்தனர். ஒற்றைக்காலில் நின்று முழங்காலை மடக்குதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், இருகாலில் அமர்ந்தெழுதல், முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல், குதித்துச் சரியாக இறங்குதல். இவ்வளவே. எந்தக் கருவியும் வேண்டியதில்லை. மற்றப் பிரிவினர் வழக்கம்போல் ஆடினர். பருவம் முடிந்தபோது, என் தோழிக்குக் கிழிந்த அதே ஜவ்வு, பயிற்சி செய்த 2,479 பேரில் 7 பேருக்கும், செய்யாத 2,085 பேரில் 14 பேருக்கும் கிழிந்திருந்தது. ஆபத்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று கணக்கிட்டார்கள். வாரம் ஒருமுறையாவது தவறாமல் செய்தவர்களுக்கு மற்ற முழங்கால் காயங்களும் குறைந்தன. ஏனோதானோ என்று செய்தவர்களுக்கு அந்தப் பயன் இல்லை.

அப்பத்தாவின் அச்சத்தில் உண்மையே இல்லை என்று நான் கூறமாட்டேன். இந்த ஜவ்வுக் காயம் சிறுவரைவிடச் சிறுமியருக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்று ஆய்வாளர்களே சொல்கின்றனர். குதித்து இறங்கும்போது நம் முழங்கால் உட்புறம் சாய்வது ஒரு காரணம். ஆனால் சாயாமல் இறங்கக் கற்க முடியும் என்பதைத்தான் சுவீடன் மாணவியர் காட்டினார்கள். கற்பதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது வாரத்தில் இரண்டு வேளை. எங்கள் அட்டவணையில் பச்சை மையில் இருப்பதும் அதே இரண்டு வேளை!

மதிப்பெண் குறையுமே என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. 1970களில் கனடா நாட்டின் ட்ரோவா ரிவியேர் பகுதியில் 546 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குப் பாட நேரத்தைக் குறைத்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கூடுதலாகக் கொடுத்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தது. அவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், அரசுப் பொதுத்தேர்வு எழுதுபவர்கள் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓடினால் படிப்பு கெடும் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியவர்கள் இனி அப்படிச் சொல்பவர்களே.

வீட்டில் அம்மா வேறொன்று சொல்வார். "தண்ணி எடுக்குறோம், மேலு நோக வேலை பாக்குறோம், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" எங்கள் வகுப்பில் பலருடைய அன்னையர் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போய்க் காலையிலிருந்து மாலைவரை ஒரே இடத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள். இரவில் முதுகுவலித் தைலம் தேய்த்துவிடும் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வேலையும் பயிற்சியும் ஒன்றல்ல என்பது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள் குறைந்தால் ஓடுபவள் சீக்கிரம் களைப்பாள். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகும் தோழியரே, உங்களையும் சேர்த்தே சொல்கிறேன். (நானும் சில நாள் அப்படிச் செய்ததுண்டு.) களைப்பது பெண்மையின் குணமன்று, பல நேரம் அது இரத்தத்தின் குறை.

ஆகவே என் வேண்டுகோள் இது. செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என எங்கள் இரண்டு வேளையும் எங்களிடம் திரும்பி வரவேண்டும். முழுதாகத் தர இயலாவிடில், முதல் பதினைந்து நிமிடத்தை மட்டுமாவது தாருங்கள். மீதியைக் கணித மிஸ் எடுத்துக்கொள்ளட்டும். அணியில் உள்ளவர்கள் மட்டுமன்றி வகுப்பு முழுவதும் அந்த ஆறு பயிற்சிகளைச் செய்யட்டும். திடலில் இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, விசிலுக்கு விசில் ஓடவிட்டு, யார் எத்தனை முறை ஓடினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதந்தோறும் எழுதி வைப்போம். ஆண்டிறுதியில் அந்த நோட்டைப் பெற்றோர் கூட்டத்தில் வைப்போம். தரவரிசை அட்டையைப் பார்ப்பதுபோல் அதையும் பார்க்கட்டும்.

என் தோழி இப்போது பள்ளிக்கு வருகிறாள். படி ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். சென்ற வாரம் சுவீடன் கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, ஒற்றைக்காலில் நின்று முழங்காலை மடக்குவது என்று படித்தபோது நிறுத்தச் சொன்னாள். மதுரையில் பிசியோதெரபி அக்கா அவளுக்குச் சொல்லித் தந்தவையும் அவைதாமாம். "இதைத்தான் தெனமும் வீட்டுல செய்யுறேன்டி," என்றாள். "முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?"

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி