பிரமாவின் பகலும் பூமியின் வயதும்

அண்மையில் ஆலய மண்டபம் ஒன்றில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவைக் கேட்க நேர்ந்தது. சொற்பொழிவாளர் வடமொழியும் தென்மொழியும் கற்றவர். ஆங்கிலப் பட்டமும் பெற்றவர். அவர் ஒன்றரை மணி நேரம் கூறியவற்றின் சாரம் இரண்டே. பூமிக்கு 454 கோடி வயதென்று மேனாட்டார் இன்று கண்டதை, பிரமாவின் பகல் 432 கோடி வருஷமென்று நம் முன்னோர் என்றோ எழுதி வைத்துவிட்டனர் என்பது ஒன்று. மேனாட்டு விஞ்ஞானம் நேற்றொன்றும் இன்றொன்றுமாகப் பேசுவதாகலின் அது வெறும் ஊகமே, நம் நூல்களோ என்றும் மாறாதவை என்பது மற்றொன்று. மண்டபம் கரகோஷத்தால் அதிர்ந்தது. நம் பக்கத்திலிருந்த பள்ளி மாணவன் ஒருவன் அவ்விரண்டு எண்களையும் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அவன் எழுதியிராவிடில் நாமும் இதனை எழுதப் புகுந்திருக்க மாட்டோம்.

விஞ்ஞானம் நம்பத்தகாததாயின், அதனிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கிப் புராணத்தின் கழுத்திற் கட்டுவானேன்? நம்பத்தக்கதாயின், அதனை ஊகமென்று இகழ்வானேன்? இவ்விரண்டையும் ஒரே மேடையில் ஒரே வாயாற் கூறத் துணிவு வேண்டும். அத்துணிவு அவருக்கு நிரம்ப இருந்தது.

எண்களையே எடுத்துக்கொள்வோம். 43,20,000 வருஷங் கொண்டது ஒரு சதுர்யுகம். அவ்வாறு ஆயிரம் கூடியது பிரமாவின் ஒரு பகல். 432 கோடி என்பது அப்பகலின் முழு நீளமேயன்றி இதுவரை கழிந்த பொழுது அன்று. இப்பகலின் 14 மன்வந்தரங்களுள் ஏழாவதிலே, 28-ஆம் சதுர்யுகத்துக் கலியுகத்திலே நாம் இருக்கின்றோம் என்பதைச் சங்கற்பந்தோறும் புரோகிதரே ஓதுகிறார். அக்கணக்கின்படி கழிந்தது ஏறக்குறைய 197 கோடி வருஷம். பூமியின் வயதிற் பாதிகூட இல்லை! தோட்டத்து அலுவலகத்திற் கணக்கெழுதிப் பிழைப்பவர் நாம். ஆண்டு முழுமைக்கும் மதிப்பிட்ட செம்பனைக் குலைகளின் எடையை, மே மாத இறுதிவரை வெட்டிய எடையென்று புத்தகத்திற் பதிந்தோமாயின், மறுநாள் அந்நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருப்பார். மண்டபத்திலோ அதே பிழைக்கு மாலை விழுகிறது.

இன்னொன்றும் நோக்குக. 1929-இல் அமெரிக்க வானநூலார் ஹப்பிள், விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதைக் கண்டார். அக்காலத்து அளவைகளைக் கொண்டு கணித்தால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடியளவே ஆயிற்று. நம் சொற்பொழிவாளர் அந்நாளில் மேடையேறியிருப்பின் 432-ஐ மறைத்து 197-ஐ எடுத்து வீசியிருப்பார் அன்றோ? இன்று பிரபஞ்சத்திற்கு 1380 கோடி என்கின்றனர்; அதற்கும் நம் யுகக் கணக்கில் ஏதேனுமோர் எண் அகப்படாமற் போகாது. எந்த விடைக்கும் பொருந்தும் எண், எந்த வினாவிற்கும் விடையாகாது.

இனி, 'மாறுதல்' என்னும் குற்றச்சாட்டு. மாறியது மெய்யே; எப்படி மாறியது என்பதைச் சொற்பொழிவாளர் சொல்லவில்லை, நாம் சொல்கின்றோம். பிரெஞ்சு அறிஞர் பஃபோன் இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, அவை ஆறும் நேரத்தை அளந்து, பூமிக்குச் சுமார் 75,000 வருஷமென 1778-இல் வெளியிட்டார். விவிலிய வழிநின்று கி.மு. 4004-இற் படைப்பு என்று அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650-இற் கணித்திருந்ததை ஐரோப்பா நம்பிய காலம் அது. (அச்சிறு கூண்டோடு ஒப்பிட, கோடிக்கணக்கில் எண்ணத் துணிந்த நம் முன்னோரின் கற்பனை பெரிதென்பதில் நமக்கு ஐயமில்லை. கற்பனையைக் கற்பனையென்று போற்றுவோம்.) அடுத்து வந்தவர் லார்ட் கெல்வின். உருகிய பூமி ஆறிய கணக்கிட்டு 1862-இல் 2 கோடி முதல் 40 கோடி வருஷம் என்றார். 1897-இல் 2 கோடி முதல் 4 கோடி எனச் சுருக்கினார். பௌதிக சாத்திரத்தில் அவருக்கு மேற்பட்டவர் அன்று அரியர். எனினும் அவரிடம் ஒருகால் உதவியாளராயிருந்த ஜான் பெர்ரி, பூமியின் உட்புறத்தில் வெப்பம் எளிதிற் பரவுமாயின் கணக்கே வேறாகும் என்று 1895-இல் எழுதினார். ஆசானை மறுத்ததற்காக மாணவர் நரகம் புகுவார் என எவரும் சபிக்கவில்லை! பின்னர் யுரேனியம் சிதைந்து ஈயமாகும் வேகமே கடிகாரமாயிற்று. அரிசோனா மாகாணத்தில் வீழ்ந்த விண்கல்லின் ஈயத்தையும் பிறவற்றையும் அளந்து, கிளேர் பாட்டர்சன் 1956-இல் 455 கோடி என்றார். முன்பின்னாக 7 கோடி வரை பிழைபடலாம் என்றும் தாமே பக்கத்தில் எழுதினார். தம் பிழையின் அளவைத் தாமே எழுதிவைத்த புராணிகர் ஒருவரை யாரேனும் நமக்குக் காட்டுவாராக. 432 அந்த 7 கோடியின் எல்லைக்குள்ளும் அடங்காது.

பூமி பிறந்த விதமும் இவ்வாறே. சுழலும் வாயு மேகத்திலிருந்து சூரியனும் கிரகங்களும் தோன்றின என்றார் லாப்லாஸ், 1796-இல். அவ்வாறாயின் திணிவில் மிகப் பெரும் பங்கைக் கொண்ட சூரியன் விரைந்து சுழலவேண்டும்; அதுவோ ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 25 நாள் எடுக்கிறது. இதனால் அக்கொள்கை தளர்ந்தது. வேறொரு விண்மீன் அருகே கடந்தபோது சூரியனிலிருந்து சுருட்டுப் போன்றதொரு வாயுத்துண்டு இழுபட்டுக் கிரகங்களாயிற்று என்றார் ஜேம்ஸ் ஜீன்ஸ். அழகிய கதை, ஜீன்ஸ் எழுதினால் எதுவும் அழகாகும். அத்துணை வெப்பமான வாயு திரளாது, சிதறிப்போகும் என்று 1939-இல் லைமன் ஸ்பிட்சர் கணக்கிட்டுக் காட்டினார். கதை அதனோடு முடிந்தது. மேகக் கொள்கை புதிய உருவில் மீண்டது. 2014-இல் சிலி நாட்டு அல்மா தொலைநோக்கி, எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீனைச் சுற்றிய தூசித் தட்டையும் அதன் வளையங்களையும் படம் எடுத்தது.

ஹப்பிளின் 200 கோடிக்கு என்ன ஆயிற்று? பாறைகள் காட்டிய வயது அதனினும் மிகுந்தது. மகள் தாயினும் மூத்தவளாய் நின்றாள். அந்த அவமானத்தை அவர்கள் பட்டுத் துணியால் மூடவில்லை. தூர அளவையே பிழையென்று 1952-இல் வால்ட்டர் பாடே திருத்தினார்.

பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்ததென்று 1931-இல் எழுதிய லெமெய்த்தர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இற் போப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானம் படைப்பிற்குச் சான்றளிக்கிறது என்ற கருத்துப்படப் பேசினார். லெமெய்த்தர் மகிழ்ந்தாரா? இல்லை. தம் கொள்கை நாளை பிழைபடவுங்கூடும் என்பதையும், அதனை விசுவாசத்தோடு பிணைத்தல் தகாதென்பதையும் அறிந்தவராகலின் வருந்தினார். அடுத்து வானநூலாரிடையே பேசியபோது போப்பரசர் அதனை மீட்டும் வற்புறுத்தவில்லை. அங்கி அணிந்த பாதிரியாருக்கிருந்த அந்நாணம் நம் பட்டதாரிக்கு ஏன் இல்லாது போயிற்று?

விரிவிற்கு முன் யாது இருந்தது, பிரபஞ்சம் ஒன்றா பலவா என்பன இன்றும் ஊகங்களே; கூறுவோரே அங்ஙனம் ஒப்புகின்றனர். ஆகவே சொற்பொழிவாளரை நாம் ஒன்றே வினவுகின்றோம்: எந்த அளவை வெளிப்பட்டால் தாம் 432 கோடியைக் கைவிடுவார்? கெல்வினை வீழ்த்த என்ன வேண்டுமென்பது பெர்ரிக்குத் தெரிந்திருந்தது. ஜீன்ஸை வீழ்த்த என்ன வேண்டுமென்பது ஸ்பிட்சருக்குத் தெரிந்திருந்தது. தம்மை வீழ்த்த என்ன வேண்டுமென்பதை அவர் எழுதியனுப்பினால், ஆசிரியர் இவ்வநுபந்தத்தில் இடமளிப்பார் என நம்புகின்றோம். அம்மாணவனுக்கும் ஒரு பிரதி அனுப்புவோம்.