கோப்பியின் வாசனையில் மறையும் போதை

மதுபானங்களுக்குப் புதுப்புதுச் சுவைகளைச் சேர்த்து இளைய தலைமுறையினரைக் கவரும் போக்கு உலகின் பல நாடுகளிலும் வலுவடைந்து வருகின்றது. கோப்பி சேர்த்து வடிக்கப்படும் புளிப்பு பியர் அவற்றுள் ஒன்றாகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சிறு வடிப்பாலைகள் இதனைத் தயாரிக்கின்றன. சுவைத்துப் பார்த்தவர்கள் வியந்து எழுதுகின்றனர். சுற்றுலாவைப் பெரிதும் நம்பியிருக்கும் கொழும்பு மாநகருக்கு இத்தகைய சுவைகள் வந்து சேர நீண்ட காலம் தேவைப்படப் போவதில்லை. ஆகவே, இது எமக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சாதாரண பியர் புளித்துவிட்டால் அது பழுதடைந்ததாகவே கொள்ளப்படும். புளிப்பு பியரிலோ, தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள் வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றன. பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரை அண்டிய பகுதியில் வடிக்கப்படும் லம்பிக் என்ற வகை, காற்றிலுள்ள நுண்ணுயிர்களை மாத்திரமே நம்பி நொதிக்க விடப்படுவதாகும். எமது மண்ணுக்கு இது புதிய வித்தையல்ல. பாளையிலிருந்து இறக்கப்படும் தென்னங்கள்ளும் பனங்கள்ளும் இவ்வாறே தாமாக நொதித்து, ஒரு நாள் கடந்ததும் புளிப்பேறி, மேலும் விட்டுவைத்தால் வினாகிரியாகின்றன. மேல்நாட்டில் இதனைச் செய்பவர் கைவினைக் கலைஞர் என்று போற்றப்படுகையில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பனையேறும் சீவல் தொழிலாளி இன்றுவரை சமூகத்தின் ஏளனத்தைச் சுமந்து நிற்பது வேறொரு சோகமாகும்.

இந்தப் புளிப்பு பியருடன் கோப்பி எவ்வாறு இணைகின்றது? எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளின் கோப்பிக் கொட்டைகளை இளம் பதத்தில் வறுத்தால், அவற்றில் பழச்சாற்றை ஒத்த புளிப்பும் வாசனையும் எஞ்சி நிற்கும். அக்கோப்பியைக் குளிர்ந்த நீரிலோ பியரிலோ ஊறவைத்துச் சேர்க்கும்போது இரு புளிப்புகளும் ஒன்றையொன்று தழுவிக் கொள்கின்றன. முதலில் எலுமிச்சையின் கூர்மை, அடுத்துப் பழத்தின் மணம், இறுதியில் கோப்பியின் மெல்லிய கசப்பு என்று சுவைத்தவர்கள் வர்ணிக்கின்றனர். இந்த வர்ணனைகளில் மதுசாரத்தின் காரம் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. மதுவின் நெடியை வெறுத்து விலகி நிற்கும் ஓர் இளைஞனுக்கோ யுவதிக்கோ இருந்த இயற்கையான தடையொன்று இதனால் அகன்றுவிடுகின்றது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் அவசியமாகும். களனி கங்கைக் கரையோரம் பியகமவில் வடிக்கப்படும் லயன் ஸ்டவுட் போன்ற கரிய பியர்களிலும் கோப்பியின் சுவை உண்டு என்பர். ஆனால், அச்சுவை கருக வறுத்த தானியத்திலிருந்து வருவது. அதில் கோப்பி இல்லை, ஆகவே கஃபீனும் இல்லை. கோப்பியையே சேர்த்து வடிக்கும் பியரில் மதுசாரமும் கஃபீனும் ஒரே குவளையில் சேர்ந்துவிடுகின்றன. எவ்வளவு கஃபீன் என்பது கோப்பியின் அளவையும் ஊறவைத்த நேரத்தையும் பொறுத்து மாறுபடும். போத்தலில் அது குறிப்பிடப்படுவது அரிதாகும்.

"சூடாக ஒரு கோப்பி குடித்தால் வெறி முறிந்துவிடும்" என்ற நம்பிக்கை எமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. இது முற்றிலும் தவறானதாகும். இரத்தத்திலுள்ள மதுசாரத்தை ஈரல் தனக்கேயுரிய வேகத்தில்தான் அகற்றும். கோப்பி அந்த வேகத்தைச் சிறிதும் கூட்டுவதில்லை. கோப்பி தூக்க உணர்வை மாத்திரமே விரட்டுகின்றது. விளைவாக, கையும் கண்ணும் தளர்ந்த நிலையிலேயே, தான் தெளிவாக இருப்பதாக ஒருவர் எண்ணிக் கொள்கின்றார். அந்த எண்ணத்துடன் காலி வீதியில் மோட்டார் சைக்கிளையோ முச்சக்கர வண்டியையோ எடுப்பவர் தமக்கும் பிறருக்கும் யமனாகின்றார். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற எமது சட்ட எல்லை, சாரதி எவ்வளவு விழிப்பாக உணர்கின்றார் என்பதைக் கேட்பதில்லை.

அமெரிக்காவின் அனுபவம் இதற்குச் சான்றாகும். மதுசாரத்துடன் கஃபீன் கலந்து தகரக் குவளைகளில் விற்கப்பட்ட "ஃபோர் லோகோ" என்ற பானத்தை அருந்திய பல்கலைக்கழக மாணவர்கள் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் வொஷிங்டன் மாநிலத்தில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். அடுத்த மாதமே அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இத்தகைய பானங்களைத் தயாரித்த 4 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்களை அனுப்பியது. மதுபானத்தில் தனியாகச் சேர்க்கப்படும் கஃபீன் பாதுகாப்பற்றது என்பதே அதன் நிலைப்பாடாகும். எனினும், அந்நடவடிக்கை தனியாகச் சேர்க்கப்பட்ட கஃபீனையே குறிவைத்தது. கோப்பியைக் கொண்டே வடிக்கப்படும் பியர் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. கோப்பி பியரில் உள்ள கஃபீன் அப்பானங்களின் அளவுக்கு இருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால், அளவு தெரியாமல் அருந்துபவர் எதனை வைத்துத் தம்மைக் காத்துக் கொள்வார்?

கோப்பியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தக் கலப்பு மற்றொரு விதத்திலும் உறுத்தலாக இருக்கும். 15ஆம் நூற்றாண்டில் யெமன் தேசத்து சூபிகள் இரவு வணக்கங்களில் விழித்திருப்பதற்காக அருந்திய பானமே கோப்பி. 1511ஆம் ஆண்டு மக்காவில் அது தடை செய்யப்பட்டபோதும், அத்தடை நிலைக்கவில்லை. மது விலக்கப்பட்ட சமூகமொன்றின் ஒன்றுகூடல் பானமாக அது நிலைபெற்றது. எமது நாட்டிலோ, 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த தமிழ்த் தொழிலாளர்களில் பலர் நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மாண்டனர். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அந்தத் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு இடமளித்தது. இன்றும் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ மரண வீட்டில் விழித்திருப்போருக்குக் கோப்பி கொடுக்கப்படுகின்றது. ஒரு வீட்டில் எவரும் தயக்கமின்றி வாங்கிப் பருகும் பானத்தின் பெயர் மதுப் போத்தலில் பொறிக்கப்படும்போது, அந்த நம்பிக்கையும் சேர்த்தே விற்கப்படுகின்றது.

எமது சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடை செய்துள்ளதுடன், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுசாரம் விற்பதையும் குற்றமாக்கியுள்ளது. ஆனால், விளம்பரம் தடைப்பட்ட சந்தையில் போத்தலும் அதன் பெயரும் அதன் சுவையுமே விளம்பரமாகி விடுகின்றன. தொலைக்காட்சியில் காட்ட முடியாததைக் கோப்பிக் கொட்டையின் படம் காட்டிவிடுகின்றது.

மதுவரியில் அரசாங்கத்துக்குள்ள தங்கியிருப்பும் மறைக்கக் கூடியதன்று. 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தில் பியகம பியர் ஆலை மூழ்கி உற்பத்தி நின்றபோது, அதன் தாக்கம் மதுவரி வருமானத்திலும் உணரப்பட்டது. கசிப்பை ஒழிக்க வேண்டுமாயின் பியர் போன்ற மென்மையான மதுவை மலிவாக்க வேண்டும் என்ற வாதமும் அவ்வப்போது முன்வைக்கப்பட்டு வந்துள்ளது. கசிப்பு ஏழைக் குடும்பங்களைச் சீரழிப்பது உண்மையே. அவ்வாதத்தை நாம் முழுமையாகப் புறந்தள்ளவில்லை. ஆயினும், கசிப்பு குடிக்கும் தோட்டத் தொழிலாளியோ நாட்கூலியோ விலையுயர்ந்த கோப்பி பியருக்கு மாறப் போவதில்லை. அதனை நாடப் போவது இதுவரை குடிக்காத, ஓரளவு வசதி படைத்த இளைஞர்களேயாவர். பழைய குடிகாரரைத் திருத்தும் மருந்தாகச் சொல்லப்படுவது, இங்கு புதிய குடிகாரரை உருவாக்கும் வழியாகிவிடும்.

குடிப்பழக்கத்தை இஸ்லாம் முற்றாக விலக்கியுள்ளது. வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். இவ்விரு மரபுகளிலும் வளர்ந்தவர்கள் விஞ்ஞானம் வேறொன்று கூறுகின்றது என்று தயங்க வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பும் 2023ஆம் ஆண்டு ஜனவரியில், பாதுகாப்பானது என்று கூறத்தக்க மதுசார அளவு எதுவும் இல்லை என்று தெரிவித்துள்ளது.

ஆகவே, இத்தகைய பானங்கள் சந்தைக்கு வருவதற்கு முன்னரே சில ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும். மதுசாரத்தின் வீதமும் கஃபீனின் அளவும் மும்மொழிகளிலும் போத்தலின் முன்பக்கத்தில் தெளிவாகப் பொறிக்கப்படுவதை மதுவரித் திணைக்களம் கட்டாயமாக்க வேண்டும். கோப்பி, பழம், இனிப்பு ஆகியவற்றின் பெயர்களையும் படங்களையும் மதுப் போத்தலில் பயன்படுத்துவதை, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை விளம்பரமாகவே கருத வேண்டும். விடுதிகளில் வயதைப் பரிசோதிக்கும் நடைமுறை பெயரளவில் நின்றுவிடக் கூடாது.

சட்டம் செய்ய முடியாத வேலையொன்றும் எம்மிடம் உள்ளது. கோப்பி குடித்தால் வெறி முறியாது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும். கோவிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் "குடிக்காதே" என்று சொல்வதோடு நின்றுவிடாமல், குடி எந்தெந்தப் பெயர்களில் வருகின்றது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். போத்தலில் எழுதப்பட்டிருக்கும் பெயரை விடுத்து, அதற்குள் இருப்பதைக் கேட்டறியும் பழக்கம் எமது பிள்ளைகளுக்கு ஏற்படுமாயின், எத்தனை புதிய சுவைகள் வந்தாலும் அவர்கள் ஏமாறமாட்டார்கள்.